விழிப்பா இருங்கண்ணே!

பசுமலையில் அச்சாபீஸ் வைத்திருக்கிறவர் வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் தூங்குவதே அபூர்வம். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த திருப்பரங்குன்றம் அடுத்த ஸ்டாப். அந்தப் பக்கம் கல்யாண மண்டபங்களுக்குக் குறைச்சலே கிடையாது. பத்திரிகை அடிக்கிற மெஷின் நடுராத்திரி தாண்டியும் ஓடும். அந்த மனுஷனைப் பார்த்துத்தான் அரசாங்கம், போலீஸ், வங்கி, போன் கம்பெனி எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: விழிப்போடு இருங்கள்.

இணையத் திருடர்களிடமிருந்து சிறு வியாபாரியைக் காப்பாற்ற இந்த நாடு கண்டுபிடித்த பெரிய ஆயுதம் இதுதான். காசு செலவில்லாத ஆயுதம். 2025 ஜூனில் நிறுத்தும்வரை பல மாதம், பேப்பர் கடைக்குப் போன் போட்டு ஆர்ட் பேப்பர் இருக்கிறதா என்று கேட்பதற்குள் இந்த உபதேசத்தைக் கேட்டாக வேண்டியிருந்தது. 2023-இல் இணைய மோசடியில் மக்கள் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024-இல் 22,845 கோடி. நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு. திருடர்களும் அந்த உபதேசத்தைக் கேட்டு விழிப்படைந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கொஞ்ச நாளாக அச்சாபீஸ்காரரின் தொழிலை வைத்தே அவருக்கு வலை விரிக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வரும். தொட்டால் மணமகன், மணமகள் பெயர் எதுவும் இருக்காது. ஏபிகே கோப்பு ஒன்று போனுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எஸ்எம்எஸ் படிக்கும், ஓடிபியைச் சுருட்டும், அவர் பெயரிலேயே ஊருக்கெல்லாம் அதே பத்திரிகையை அனுப்பும். தெரியாத நம்பரிலிருந்து வருகிற கோப்பைத் திறக்காதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். ஐயா, கடைக்காரனைப் பொறுத்தவரை தெரியாத நம்பரிலிருந்து வருகிறவனுக்குப் பெயர்தான் வாடிக்கையாளர்! பத்திரிகை மாடல் அனுப்பியிருக்கேன் பாருங்கண்ணே என்று ஒருத்தன் சொன்னால் இவர் திறக்காமல் கற்பூரம் காட்டுவாரா?

இவராக ஆசைப்பட்டு இணையத்துக்குள் வந்தவரும் இல்லை. கடன் வேண்டுமா, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு எடு என்றார்கள். ஜிஎஸ்டி கட்ட இணையம், கரண்ட் பில் கட்ட இணையம், ஐம்பது ரூபாய் ஜெராக்ஸுக்கும் க்யூஆர். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 2020 ஜூலை முதல் அரசாங்கத் தளத்திலேயே இலவசம். ஆனால் தேடிப் பாருங்கள். அரசாங்கத் தளம் போலவே மூவர்ணம் பூசிக்கொண்டு தனியார் தளங்கள் வந்து நிற்கும், காசு கொடுத்து மேலே ஏறிய விளம்பரங்களாக. விண்ணப்பம் என்று அழுத்தினால் ‘கட்டணம்’ கேட்கும். அசல் தளம் ஒன்றுதான், ஏமாறாதீர்கள் என்று அமைச்சகம் அறிவித்தது. அதோடு கடமை முடிந்தது. விளம்பரத்துக்கு வாங்கிய காசைத் திருப்பிக் கொடு என்று யாரும் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

பெரிய முதலாளிகளின் விழிப்பு எப்படிப்பட்டது என்பதை 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியில் படித்தேன். பேஸ்புக், வாட்ஸ்அப்பை வைத்திருக்கும் மெட்டாவின் உள் ஆவணங்களே, 2024 வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு மோசடி மற்றும் தடைசெய்த பொருள் விளம்பரங்களிலிருந்து வரலாம் என்று கணித்திருந்தனவாம். அது தோராயமான, மிகைப்பட்ட கணக்கு என்றது மெட்டா. சரி, மிகைப்பட்டதாகவே இருக்கட்டும். அதே செய்தியில் இன்னொன்றும் இருந்தது. விளம்பரம் கொடுப்பவன் மோசடிக்காரன் என்று 95 சதவீதம் உறுதிப்பட்டால்தான் தடையாம். அதற்குக் குறைந்த சந்தேகம் என்றால் கட்டணத்தை ஏற்றிவிடுவார்களாம். ஆள் திருடன் மாதிரி தெரிந்தால் வாடகையைக் கூட்டு! எவ்வளவு நேர்த்தியான காவல்.

நம் பக்கத்துக் காவலும் லேசுப்பட்டதல்ல. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் ஓர் உத்தரவு போட்டது. தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், 180 நாள் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும். சிறு நிறுவனங்கள் மேல் மட்டும் இரக்கம் வந்து அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை தவணை கொடுத்தார்கள். மூன்று வருஷம் கழித்து, சிறு நிறுவனங்களுக்கென்றே 15 பாதுகாப்பு அம்சங்கள், ஆண்டுதோறும் தணிக்கை என்று ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டி. நம்மவர் அதைப் படித்திருப்பார், முகூர்த்தம் முடிந்ததும்.

தணிக்கைக்காரர் வந்தால் எதைப் பார்ப்பார்? அச்சாபீஸ் மூலையில் இருக்கிற கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7. 2020 ஜனவரியோடு மைக்ரோசாப்ட் கைகழுவிய சரக்கு. ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் கஞ்சத்தனம் என்பார்கள். விஷயம் வேறு. பத்திரிகை ஃபைல் பூராவும் பேஜ்மேக்கரில், யூனிகோடு வருவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருவில் கிடக்கிறது. புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் ‘நிகழும் மங்களகரமான’ என்பது கட்டம் கட்டமாக, கொம்பும் காலுமாகச் சிதறும். இருபது வருஷச் சரக்கை மாற்றித் தர எந்த அரசுத் திட்டம் வந்தது? மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டு ஒட்டியிருக்கும். ஆடிட்டர் வீட்டிலிருந்தே டாலியைப் பார்க்க ஒரு வாசல் திறந்திருக்கும். அந்த வாசல் வழியாகத்தான் கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறவன் வருவான். 2017 மே மாதம் உலகத்தையே பூட்டிய வானாக்ரை நுழைந்த ஓட்டை எப்படி வெளியே வந்தது தெரியுமா? அமெரிக்க உளவு நிறுவனம் தன் உபயோகத்துக்குப் பதுக்கி வைத்திருந்து, கைநழுவவிட்டது.

பாஸ்வேர்டு என்றதும் ஞாபகம் வருகிறது. கடினமான பாஸ்வேர்டு வையுங்கள் என்று நோட்டீஸ் கொடுக்கிற தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் 2024 மே மாதம் ஹேக்கர்கள் நுழைந்தது, கைமாறிப்போன ஒரு பாஸ்வேர்டைக் கொண்டுதான். 2020 செப்டம்பரில் மாநில அரசு இணையப் பாதுகாப்புக் கொள்கை வெளியிட்டது. சரியாக மறு செப்டம்பரில் தலைமைச் செயலகத்துப் பொதுத்துறையின் கணினிகளையே பூட்டிவிட்டுக் கிரிப்டோவில் பணம் கேட்டார்கள். கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கியில் 2018-இல் புகுந்து சுமார் 20 லட்சம் டாலரை வெளிநாட்டுக்குத் திருப்பப் பார்த்தார்கள். 2024 ஜூலைக் கடைசியில் சி-எட்ஜ் என்ற ஒரே நிறுவனம் தாக்கப்பட்டதில் ஏறக்குறைய 300 சிறிய வங்கிகளின் பரிவர்த்தனை நின்றது. இதிலெல்லாம் யாரும் விழிப்பில்லாமல் இருந்துவிட்டார்கள் என்று சொல்வதில்லை. பெரிய இடத்தில் நடந்தால் தொழில்நுட்பக் கோளாறு. பசுமலையில் நடந்தால் அஜாக்கிரதை.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திருட்டே கொடுக்காதவனுக்கு நடப்பதைக் கேளுங்கள்.

எவனோ ஒருத்தன் எங்கேயோ ஒருவரை ஏமாற்றுகிறான். அந்தப் பணம் நாலு கை மாறி, அதில் ஒரு துளி விசிட்டிங் கார்டு அடித்த கூலியாக இவர் கணக்குக்கு வருகிறது. க்யூஆர் பெட்டி கணீரென்று அறிவிக்கிறது. (பணம் நிஜமாகவே வந்ததா என்று தெரிந்துகொள்ள அந்தப் பெட்டிக்கு மாச வாடகை வேறு, போலி ஆப்பில் பச்சை டிக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உபயம்.) ஏமாந்தவர் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் சொல்கிறார். அவர் மேல் தப்பில்லை. பணம் போன பாதையில் இருக்கிற கணக்குகள் முடங்குகின்றன. வந்த கூலியை மட்டும் பிடித்து வைத்தால் யார் கேட்பது? கணக்கே மொத்தமாகப் போச்சு. சனிக்கிழமை சம்பளம் போச்சு, பேப்பர் கடைக்குக் கொடுத்த செக் திரும்பியாச்சு. வங்கிக்கு ஓடினார்.

“நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே, போலீஸ் மெயில்.”

“எந்த ஸ்டேஷன் தம்பி?”

“இங்க இல்லண்ணே, வெளி மாநிலம். நீங்கதான் பேசிக்கணும்.”

எந்த மொழியில் பேசுவது என்று மெயிலில் போடவில்லை.

விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது மதுரைக்குப் புதிதல்ல. கோவலன் கழுத்து போன ஊர். ஆனால் அந்தப் பாண்டியனுக்குத் தன் தப்பு தெரிந்ததும் சிம்மாசனத்திலேயே உயிர் போனது. இப்போது அந்த அபாயம் யாருக்கும் இல்லை. ‘மெயில் போட்டிருக்கோம், வெயிட் பண்ணுங்க’ என்ற வாக்கியம் எல்லார் உயிரையும் காப்பாற்றிவிடுகிறது.

சந்தேகப்பட்ட தொகையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை விடு என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது: தொகையைக் குறிப்பிடாமல் மொத்தக் கணக்கையும் முடக்குவது தொழில் செய்யும் உரிமையையும் பிழைப்பையும் பறிப்பது. அந்த வழக்கில் முடக்கியது தெலங்கானா போலீஸ். ஒரு வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. நீதிமன்றம் வரை போக முடிந்தவருக்குத் திறந்தது. விசிட்டிங் கார்டு அடிக்கிறவர் ரிட் மனு போட வேண்டும் என்றால் வக்கீல் ஃபீஸை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் ஒரு சுற்றறிக்கை போட்டது. வங்கி மேலும் தப்பில்லை, வாடிக்கையாளர் மேலும் தப்பில்லை, வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போனது என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. ஓடிபி சொல்லிக்கொடுத்து ஏமாந்தவர்கூட, வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகிற பணத்துக்குப் பொறுப்பில்லை. அது வங்கி தலையில். வாடிக்கையாளர்தான் தப்பு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். ஓடிபி சொல்லாதே, லிங்க்கைத் தொடாதே என்று சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறீர்களே, இதை எந்தக் கிளையின் வாசலில், எந்த ஏடிஎம் கதவில், தமிழில் ஒட்டினீர்கள்?

ஒட்டுங்கள். பெரிய எழுத்தில், பழனியாண்டவர் படம் போட்ட காலண்டர் சைஸில் வேண்டுமானாலும் அடித்துத் தர பசுமலையில் ஆள் இருக்கிறார். பணத்தை மட்டும் ரொக்கமாகக் கொண்டுவாருங்கள். கணக்கு இன்னும் திறக்கவில்லை.