கப்பலேற நல்ல நேரம்

உல்லாசக் கப்பல் விளம்பரங்களில் கடல் இருக்கும், நீச்சல் குளம் இருக்கும், அகலத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். அந்தக் கம்பி வரைக்கும் அவர் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதை மட்டும் எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. பாஸ்போர்ட்டை செல்போனில் படம் பிடித்து, மங்கலாக இருக்கிறது என்று ஆப் அதைத் தள்ளிவிட்டு, ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு மறுபடி பிடித்து, கார்டு எண் கொடுத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் கப்பலேறும் நேரத்தையும் கைப்பற்றிய பிறகுதான் அவர் சிரிக்கிறார். கடலைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

எங்கள் கப்பல் சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை கிளம்பி, பினாங்கை எட்டிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை திரும்புவது. அரையாண்டு விடுமுறை. நான், மனைவி, மகள் ஒரு கேபின். மாமனார், மாமியார் இன்னொரு கேபின். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சினன் கப்பலில் வரவில்லை. ஆனாலும் வீடியோ காலில் எந்நேரமும் ஆலோசகராக இருந்தான். மார்கழியில் கிளம்பலாமா என்ற கேள்வி ஆரம்பத்திலேயே எழுந்தது. கல்யாணம்தான் கூடாது, கப்பல் கூடும் என்று மாமியாரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆன்லைன் செக்-இன் 45 நாட்களுக்கு முன்னால் திறக்கும் என்று தகவல் வந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து 45 நாள் பின்னோக்கி எண்ணினால் எந்த மாதமானாலும் செவ்வாய்க்கிழமையில்தான் போய் நிற்கும். மாமியார் காலண்டரைப் பார்த்து முகம் சுளித்தார்.

"செவ்வாயோ வெறுவாயோம்பாங்க. ஒருநாள் பொறுத்துப் பண்ணுங்களேன் மாப்பிள்ளை. பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது."

"புதன்கிழமை பண்ணினா நேரம் கிடைக்காது அத்தை" என்றேன்.

ஆயிரக்கணக்கான பேர் ஒரே வாசல் வழியாக ஏற வேண்டும். காலையில் கரைக்கு வரும் கப்பல் பழைய கூட்டத்தை இறக்கிவிட்டு, அறைகளைப் பெருக்கித் துடைத்து, அதே சாயங்காலம் புதுக் கூட்டத்தோடு கிளம்பியாக வேண்டும். மரினா பே கப்பல் முனையம் 2012-இல் திறந்தபோதே ஒரே சமயத்தில் 6,800 பயணிகளைத் தாங்கும்படிதான் கட்டினார்கள். இருந்தாலும் அத்தனை பேரும் பதினொரு மணிக்கே வந்து நின்றால் கட்டடம் தாங்கும், பாஸ்போர்ட் பார்ப்பவர் தாங்க மாட்டார். அதனால் அரை மணிக்கு இத்தனை பேர் என்று பிரித்துவிடுகிறார்கள். முந்துகிறவருக்கு முந்தின நேரம்.

செக்-இன் திறப்பது மயாமி நேரக் கணக்கில். மயாமியில் நள்ளிரவு அடிக்கும்போது நமக்குக் காலை பத்தரை. தட்கல் டிக்கெட்டில் பழகிய விரல்கள் எங்களுடையவை. பத்தரைக்கே உள்ளே நுழைந்துவிட்டோம். நுழைந்ததும் பெயர்க் கட்டத்தில் தடுக்கி விழுந்தோம். என் கடைசிப் பெயர் என் அப்பாவின் பெயர். மனைவியின் கடைசிப் பெயர் என் பெயர். மகளுக்கும் அப்படியே. ஆப் கணக்குப்படி என் மனைவியும் மகளும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தில் நான் இல்லை. மாமியார் தன் கணவர் பெயரோடும், மாமனார் தன் தந்தை பெயரோடும் தனித்தனிக் குடும்பமாக நின்றார்கள்.

அடுத்தது முகப்படம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒன்றுமே இல்லாத சுவருக்கு முன்னால் நின்று எடுக்க வேண்டுமாம். தமிழர் வீட்டில் ஒன்றுமே இல்லாத சுவருக்கு எங்கே போவது? ஒரு பக்கம் முருகன், ஒரு பக்கம் தாத்தா, நடுவில் நகைக்கடை காலண்டர். கடைசியில் குளிர்சாதனப் பெட்டியை நகர்த்தினோம். அதன் பின்னால் இருந்த சுவர்தான் வெறுமையாக இருந்தது. மாமியார் அரக்குப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து அதன் முன் நின்றார். முகம் தெரியவில்லை என்றது ஆப். மாமனார் நின்றார். கண்ணைத் திறக்கவும் என்றது. அவர் திறந்துதான் இருந்தார். தேறாமல் போன படங்களையெல்லாம் என் மகள் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டாள். நாங்கள் கப்பலேற இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. எங்கள் மானம் அன்றைக்கே ஏறிவிட்டது.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கட்டத்தில் மச்சினன் எண்ணைப் போட்டேன். "ராத்திரி ஷிப்ட் பார்த்துட்டுப் பகல்லதான் அவன் தூங்குவான். எதுன்னாலும் சாயங்காலமாக் கூப்பிடச் சொல்லி எழுதிடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். ஆபத்து எந்த நேரத்தில் வரவேண்டும் என்று குறிக்க அதில் இடமில்லை. சமீபத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டா என்று உடல்நலப் படிவத்தில் கேட்டிருந்தது. மாமனார் 1978-இலிருந்து ஆரம்பித்தார். "இல்லை" என்று நான் ஒரு டிக் போட்டு அதை முடித்துவைத்தேன்.

இவ்வளவும் தாண்டித்தான் நேரம் தேர்ந்தெடுக்கும் பக்கம் வந்தது. பதினொன்றரையிலிருந்து மூன்று மணி வரை அரைமணிக்கொரு கட்டம். எல்லாமே பச்சை. என் விரல் பதினொன்றரையை நோக்கிப் போனது.

"வெள்ளிக்கிழமை பத்தரை பன்னிரண்டு ராகுகாலம்" என்றார் மாமியார்.

விரலைப் பன்னிரண்டுக்கு நகர்த்தினேன். அப்போது தூங்காமல் வீடியோ காலில் இருந்த மச்சினன் வாயைத் திறந்தான். பொறியாளனாகப் படித்தவன், சும்மா இருக்கத் தெரியாது.

"அம்மா, காலண்டர்ல போட்டிருக்கிறது ஆறு மணிக்கு சூரியன் உதிக்கிற ஊருக்கு. பகலை எட்டாப் பிரிச்சு, வெள்ளிக்கிழமை நாலாவது பங்குதான் ராகுகாலம். இங்க வருஷம் முழுக்க ஏழு மணிவாக்குலதான் உதிக்குது. அப்ப ராகுகாலம் பதினொன்றரையிலேருந்து ஒரு மணி வரைக்கும்."

அவன் சொன்னது சரிதான். மலேசியாவோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. ஏற்கெனவே முந்திப் போய்க்கொண்டிருந்த கடிகாரம் அது. சூரியனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ராகுவுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நாம இந்தியாக்காரங்க. நமக்கு நம்ம ஊர் ராகுதான்" என்றார் மாமனார்.

"சூரியன் எங்கயோ ராகு அங்க" என்றார் மாமியார்.

"கப்பல் பஹாமாஸ்ல பதிவானது தாத்தா. பின்னாடி பேர் போட்டிருக்கும்" என்றாள் மகள்.

"அப்ப பஹாமாஸ்ல ராகுகாலம் எத்தனை மணிக்கு?"

மாமனாருக்குக் கப்பல் என்றால் ரஜூலாதான். 1926-இல் கட்டிய கப்பல். மேல்தளப் பயணிகளாகவே ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அனுமதி வாங்கியிருந்தது. அவருடைய பெரியப்பா ஒரு தகரப் பெட்டியும் பாயுமாக நாகப்பட்டினத்தில் அதில் ஏறிச் சிங்கப்பூர் போனவர். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். "ஏற வேண்டிய நேரத்தை அலை சொல்லும். யாருகிட்டப் போய் நீ ராகுகாலம் பேசுவே?" என்று அவர் முடித்தபோது, பச்சையாக இருந்த கட்டங்களில் பாதி சாம்பல் நிறமாகியிருந்தன.

பதறிப்போய் ஒரு மணியைத் தொட்டேன். மாமனார் மாமியார் கேபினுக்குக் கிடைத்தது. எங்கள் கேபினுக்கு அதே ஒரு மணியைத் தொடுவதற்குள் போய்விட்டது, இரண்டரைதான் மிச்சம். பெண்ணை விட்டுவிட்டுத் தான் மட்டும் ஏறுவதாக இல்லை என்றார் மாமியார். ஆனால் மனம் மாறுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் விடுகிற நேரம் மறுபடி பச்சையாகும். என் மனைவி தினம் படுக்கப்போகும் முன் ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு ராத்திரி அந்த ஒரு மணியைப் பிடித்தேவிட்டாள். அதற்குப் பிறகும் சிங்கப்பூருக்குள் நுழைய அரைவல் கார்டு, பினாங்கில் கால் வைக்க மலேசியாவின் டிஜிட்டல் கார்டு, கப்பலிலிருந்து திரும்பி சிங்கப்பூருக்குள் நுழைய இன்னொரு அரைவல் கார்டு என்று படிவங்கள் வந்தன. எதற்கும் நல்ல நேரம் பார்க்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே முனையத்துக்குப் போய்விட்டோம். எல்லோரும் வந்திருந்தார்கள். மூன்று மணிக்காரர்கூட வந்திருந்தார். பெரும்பாலான ஹோட்டல்கள் பதினொன்று, பன்னிரண்டுக்கெல்லாம் அறையைக் காலி செய்யச் சொல்லிவிடுகின்றன. பெட்டியும் கையுமாக மனிதன் வேறு எங்கே போவான்? பெரிய பெட்டிகளுக்கு அடையாளச்சீட்டு கட்டி ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தோம். அதிக விலை அறைக்காரர்கள் தனி வரிசையில் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"டைட்டானிக்ல இப்படியில்ல" என்றார் மாமனார். புத்தகம் படிக்கிறவர். "மூணாவது வகுப்பை ஒன்பதரைக்கே ஏத்திட்டாங்க. முதல் வகுப்புக்காரங்க பதினொன்றரைக்குத்தான் ரயில்லேருந்து இறங்கினாங்க."

"சொல்றதுக்கு வேற பேரே கிடைக்கலையா உங்களுக்கு?" என்ற மாமியார், ஒரு நிமிஷம் கழித்து, "அது என்ன கிழமை கிளம்பிச்சு?" என்றார்.

மகள் செல்போனைத் தட்டினாள். 1912 ஏப்ரல் 10, சவுத்தாம்ப்டன். "புதன் பாட்டி."

"எத்தனை மணிக்கு?"

"பகல் பன்னிரண்டு."

புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகுகாலம் என்பதை மாமியார் வாயால் சொல்லவே இல்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எங்கள் ஒவ்வொருவரையும் ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். சவுத்தாம்ப்டனில் அன்றைக்குச் சூரியன் எப்போது உதித்தது என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. நான் ரகசியமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஊர்ச் சூரியக் கணக்கிலும் ராகுகாலம் உச்சிப்பொழுதில்தான் ஆரம்பித்தது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் முனையப் பணியாளர் ஒருவர் வந்து, உள்ளே கூட்டம் குறைந்துவிட்டது, நேரம் பார்க்க வேண்டாம், எல்லோரும் வரலாம் என்று அறிவித்தார். மணி பன்னிரண்டேகால். மூன்று மணிக்காரர் ஓடினார். இரண்டரை, இரண்டு, ஒன்றரை எல்லாம் ஓடின. கப்பலில் மதியச் சாப்பாடு தொடங்கியிருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவ்வளவு பெரிய கூடத்தில் நாங்கள் ஐந்து பேர் மட்டும் மிஞ்சினோம். மாமனார் தானியங்கிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை அது திறந்தபோதும் அவர் வயிறு பேசியது.

பணியாளர் எங்களிடம் வந்து ஏதாவது சிக்கலா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சட்டையில் தமிழ்ப்பெயர். என்ன சொல்வது என்று நான் விழித்தேன். அவர் மாமியாரைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகுகாலமா? உட்காருங்க ஆன்ட்டி. எங்க அம்மாவும் இப்படித்தான்."

சரியாக ஒரு மணிக்கு, வலது காலை முன்வைத்து மாமியார் எழுந்தார். கூட்டமே இல்லை. முகத்தைக் காட்டினோம், பாஸ்போர்ட்டைக் காட்டினோம், ஏறிவிட்டோம். ஓடியவர்கள் வரிசையில் நின்ற நேரத்தையும் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தையும் கூட்டிக் கழித்தால் பெரிய வித்தியாசம் வராது என்று என் மனைவி சொன்னாள். பெண் அம்மா பக்கம்.

கப்பலில் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் யாரும் எந்தக் கிரகத்தையும் கேட்பதில்லை. ஆபத்து வந்தால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்துக்கே போய் அட்டையைக் காட்டிவிட்டு வர வேண்டும். பெயர் சொல்லக்கூடாத அந்தக் கப்பல் மூழ்கிய பிறகு 1914-இல் நாடுகள் கூடிக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. 2012-இல் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று மாலை ஏறியவர்களுக்கு அந்த ஒத்திகை நடந்திருக்கவில்லை. அதன்பின் கிளம்புவதற்கு முன்னாலோ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்தியே ஆகவேண்டும் என்று விதியை இறுக்கிவிட்டார்கள். மாமியார் எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய் நின்று அட்டையைக் காட்டினார்.

நாலரைக்குக் கப்பல் நகர்ந்தது. மச்சினனிடமிருந்து எனக்கு மட்டும் செய்தி வந்தது: "அத்தான், இந்த ஊர்க் கணக்குல வெள்ளிக்கிழமை நாலுலேருந்து அஞ்சரை எமகண்டம். அம்மாகிட்ட சொல்லாதீங்க." எட்டிப் பார்த்துவிட்ட மாமனார் என் தோளைத் தட்டினார். "நாம ஏறினதுதான் நம்ம கணக்கு. கிளம்புறது கப்பலோட ஜாதகம்."

ஞாயிறு ராத்திரி அறைக்கு ஒரு தாள் வந்தது. மறுநாள் இறங்குவதற்கும் குழு வாரியாக நேரமாம். திங்கட்கிழமை ஏழரை ஒன்பது ராகுகாலம். சிங்கப்பூர்ச் சூரியனுக்கு எட்டரையிலிருந்து பத்து. கப்பல்காரர்கள் எல்லோரையும் இறக்கிவிட நினைப்பதும் அதே நேரம்தான். இந்தத் தடவை நானே முந்திக்கொண்டு, "அத்தை, எட்டரைக்கு முன்னாடியே இறங்கிடலாமா?" என்றேன்.

மாமியார் தாளை வாங்கி, இறங்கும் நேரங்களைப் பார்க்கவே இல்லை. அடியில் காலைச் சாப்பாட்டு நேரம் போட்டிருந்த வரியில் விரலை வைத்தார்.

"ஒன்பது மணி வரைக்கும் தோசை போடுறாங்களே மாப்பிள்ளை. ஊருக்குத் திரும்புறதுக்கெல்லாம் யாராவது ராகுகாலம் பார்ப்பாங்களா?"