கதவடித் துள்ளல்: கோலா சிலாங்கூர் வட்டாரத்து நாய்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

சங்கிலி ஆணியிலிருந்து இறங்கிய கணம் முதல் வெளிக்கேட் திறக்கும் கணம் வரை நாய் நிகழ்த்தும் செயல்களின் தொகுதியே இங்குக் ‘கதவடித் துள்ளல்’ எனப்படும். குதித்தல், தன் வாலைத் தானே துரத்திச் சுழலுதல், ஊளை கலந்த குரைப்பு, சிலிப்பரைக் கவ்விக்கொண்டு ஓடுதல், எசமானின் கைலியைப் பற்றி இழுத்தல் ஆகிய ஐந்தும் இதன் உறுப்புகள். கைலி இழுத்தல் தனி உறுப்பா, சிலிப்பர் கவ்வலின் விரிவா என்பதில் அறிஞரிடையே, அதாவது எனக்கும் என் மனைவிக்கும் இடையே, கருத்து வேறுபாடு உண்டு.

2. முன்னோர் கூற்று

தொல்காப்பிய மரபியல் விலங்குக்கு ஐந்தறிவும் மனிதனுக்கு ஆறறிவும் வகுத்தது. கழுத்துப்பட்டை மாட்டும் நேரத்தில் யாருக்கு எத்தனை அறிவு மிஞ்சுகிறது என்பதை அந்நூல் ஆராயவில்லை. உடம்பில் வேல் தைத்திருக்கும்போதும் வால் குழைக்கும் நாயின் நட்பை நாலடியார் புகழ்கிறது. வாலோடு நிறுத்திக்கொள்ளாத நாயை என்ன செய்வது என்பதற்கு அதிலும் வழியில்லை.

நமக்குப் பயன்படும் சான்று மகாபாரதத்தில் இருக்கிறது. பாண்டவரின் கடைசிப் பயணத்தில் ஒரு நாய் பின்தொடர்ந்தது. திரௌபதியும் தம்பியரும் ஒவ்வொருவராக வழியில் விழ, அது மட்டும் தருமரோடு முடிவுவரை நடந்தது. அது குதித்ததாகவோ இழுத்ததாகவோ பேச்சே இல்லை. நாயுருவில் வந்தது தருமதேவதை என்பதால் அப்படி என்பர். இவ்வாய்வு வேறொரு காரணத்தை முன்மொழிகிறது: அந்த நாய்க்குச் சங்கிலியும் இல்லை, கேட்டும் இல்லை.

மேலை நாட்டாரில் முதல்வர் ருஷ்யரான இவான் பவ்லோவ். செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். சோறு வருமுன்பே, அதைக் கொண்டுவருபவரின் காலடி ஓசைக்கே தம் நாய்களுக்கு எச்சில் ஊறியதைக் கவனித்தவர். காலடிக்கு எச்சில் ஊறும் என்றால் சங்கிலிக்குக் கைலி கிழிவதில் வியப்பில்லை.

3. களம்

பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயா, பக்கத்தில் இருக்கிறது தென்னமரம் தோட்டம். 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கிய இடம். அதே துரை பின்னாளில் நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசும் வாங்கினார். ஆனால் இந்த வட்டாரத்தில் லயத்து நாயை ‘நடக்க அழைத்துப் போவது’ என்று ஒரு வேலை அன்று கிடையாது.

விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கிராணி பெயர் வாசிப்பார், மண்டோர் நிரை பிரித்துக் கொடுப்பார். ரப்பர் பால் எடுக்கக் காண்டா வாளியோடு கித்தாக் காட்டுக்குள் இறங்கும் அம்மாவின் பின்னால் நாயும் இறங்கும். அவர் மரத்துக்கு மரம் போய் மங்கு துடைத்துக் கோடு இழுப்பதற்குள் அது உடும்பைத் துரத்திவிட்டு வந்து நிழலில் படுத்துக்கொள்ளும். போகலாமா என்று அது யாரையும் கேட்டதில்லை. ஆகவே துள்ளவும் இல்லை. பெரட்டில் நின்ற மனிதர்களும் வேலைக்குப் புறப்படும் ஆவலில் குதித்ததாக எந்தச் செக்ரோலிலும் பதிவில்லை. அங்கே காரணம் வேறு.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயம் போய்த் தாமான் வந்தது. வரிசை வீடு, முன்னால் சிமெண்டுத் தரை, இரும்புக் கேட். நாய்க்கு உள்ளூராட்சியின் உரிமம் வேண்டும், கழுத்தில் பட்டை வேண்டும், பட்டையில் சங்கிலி வேண்டும். மாலையில் சூராவுக்குப் போகும் மலாய்க்கார அண்டை வீட்டுக்காரர் அதே சாலையில்தான் வருவார். நாயின் ஈர மூக்கு அவர்மேல் பட்டுவிட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவிய பிறகே அவர் தொழ முடியும். ஆகவே கேட்டிலிருந்து பீரங்கிக் குண்டாகப் பாயும் நாய் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல, ஊர்ப் பிரச்சினை.

4. சோதனை

முதற்காரணத்தைத் தேடிப் போனோம். சங்கிலிச் சத்தமே காரணம் என்று கொண்டு, சங்கிலியை ஆணியிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றி லாச்சிக்குள் வைத்தோம். எங்கள் டைகர், சங்கிலி இருக்கும் லாச்சி திறப்பதற்குத் துள்ளியது. லாச்சியைத் திறந்தே வைத்தோம்; சிலிப்பர் மாட்டுவதற்குத் துள்ளியது. வெறுங்காலோடு எழுந்தோம், தேத்தண்ணிக் கோப்பை கழுவும் ஓசைக்கே எழுந்து நின்றது. இந்தப் போக்கில் துள்ளல் மதியச் சோற்று வேளைக்கே நகர்ந்துவிடும் என்று அஞ்சித் திசை மாற்றினோம். தேறிய முறைகள் நான்கு.

ஒன்று, சங்கிலியின் மானத்தை வாங்குதல். எடுக்க வேண்டும், எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும், திரும்ப மாட்டிவிட வேண்டும். போகாத நேரத்தில் பலமுறை இப்படிச் செய்தால் சங்கிலி வெறும் இரும்பாகிவிடும்.

இரண்டு, நாலு கால் விதி. நாலு காலும் தரையில் இருந்தால் கொக்கி மாட்டும். ஒன்று எழும்பினாலும் கை பின்வாங்கும். வாய் திறக்கக் கூடாது. “சும்மா இரு! இருடா!” என்ற அலறலை, எசமானும் சேர்ந்து குரைக்கிறார் என்றே நாய் எடுத்துக்கொள்ளும்.

மூன்று, கேட் விதி. ஒரு சாண் திறப்பது, பாய்ந்தால் மூடுவது. பாய்ச்சல்தான் கேட்டைச் சாத்துகிறது என்பது கொஞ்ச நாளில் அதற்கே விளங்கும்.

நான்கு, மூக்குக்கு வேலை. புறப்படுமுன் புல்லில் ரொட்டித் துண்டுகளைத் தூவிவிட்டால் நாய் தலை குனிந்து மோந்து தேடும். தேடும் நாய் குதிக்காது.

இதில் ஒரு பள்ளம் உண்டு. பலன் நின்றதும் துள்ளல் முதலில் கூடும், பிறகுதான் குறையும். கூடும் நாளில் மனம் இரங்கி, “சரி, இன்றைக்கு மட்டும்” என்று கேட்டைத் திறப்பவர் கதை முடிந்தது. எப்போதாவது மட்டும் கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை ஆழமாக வேரூன்ற வைக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். நாலு நம்பர் எடுப்பவர் என்றோ அடித்த ஒரு பரிசை நம்பி இன்றும் கடை வாசலில் நிற்பதும் இதே விதிதான்.

5. முடிவும் பரிந்துரையும்

நான்கு முறைகளும் வேலை செய்கின்றன. ஆனால் அவை கேட்டருகே நடக்கும் வைத்தியம். நோய் கேட்டுக்கு உள்ளே, நாள் முழுதும் சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடக்கிறது. எனவே இவ்வாய்வு வகுக்கும் விதி: துள்ளலின் உயரம், பூட்டிக் கிடந்த நேரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நாயை அடக்க விரும்புவோர் மாலை நடையோடு விடியற்காலையிலும் ஒரு நடை சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய பெரட்டு நேரமே இதற்குப் பொருத்தம்: காற்று குளிர்ந்திருக்கும், சாலையில் ஆள் இருக்காது, குலை ஏற்றும் டிராக்டரும் இறங்கியிருக்காது.

பரிந்துரை எங்கள் வீட்டில் அமலுக்கு வந்துவிட்டது. கதவடித் துள்ளல் பாதிக்கு மேல் அடங்கியது. ஆனால் பெரட்டு என்றால் கிராணி வேண்டுமே. அந்தப் பதவியை டைகர் எடுத்துக்கொண்டது. அது பெயர் வாசிப்பதில்லை, போர்வையை உருவுகிறது. வராதவருக்கு அரைநாள் சம்பளம் பிடிப்பதற்குப் பதில் ஒரு ஜோடி சிலிப்பரைப் பிடித்துக்கொள்கிறது.