கோட்டு மாட்டிய கும்பிடு

பனவடலிசத்திரத்தில் பேச்சுக்குப் பஞ்சம் என்று இதுவரை யாரும் மனுக் கொடுத்ததில்லை. தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, மழைக்கு உண்டு, பேச்சுக்கு இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ் இங்கே நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் உளுந்து விலை, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், காற்றாலைக்காரன் நிலத்துக்கு என்ன விலை சொன்னான் என்ற மூன்று சேதியும் இறங்குகிறவரிடமிருந்து ஏறுகிறவருக்குக் கைமாறிவிடும். சில்லறை இல்லை என்பதை ஐம்பது பேரிடம் ஐம்பது விதமாக, ஒருத்தர் மனமும் நோகாமல் சொல்கிற கண்டக்டர்கள் இந்தத் தடத்தில் உண்டு. மூட்டைக்கு டிக்கெட் போட வந்தவரை, "ஏ அய்யா, இது மூட்டையாக்கும்? பேத்திக்குச் சீர்லா கொண்டுபோறேன்" என்று சொல்லி வெட்கப்பட வைத்து அனுப்புகிற ஆச்சிகளும் உண்டு.

இந்த மண்ணில் பிறந்து, நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்து, கடனும் வாங்கி முடித்த பையனிடம் என்ன குறை என்று கேட்டுப் பாருங்கள். கல்லூரி, கம்பெனி, கவுன்சலிங் ஏஜென்ட், அரசாங்கம் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள்: கம்யூனிகேஷன் இல்லை.

அதைக் கொடுக்க 'மென்திறன்' என்று ஒரு வகுப்பு நடந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம், எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். கடைசி வருஷப் பிள்ளைகளை செமினார் ஹாலில் அடைத்திருந்தார்கள். லேபில் இல்லாத ஏ.சி. அங்கே இருந்தது. வெளியூர்ப் பயிற்சியாளர் வந்து "எனர்ஜி! எனர்ஜி!" என்று கத்திவிட்டு, கைகுலுக்குவது எப்படி என்று ஆரம்பித்தார். இறுக்கக் கூடாது, தொளதொளவென்றும் விடக் கூடாது, கண்ணைப் பார்க்க வேண்டும், முறைக்கக் கூடாது. முக்கால் மணி நேரம் இதிலேயே போயிற்று. பிறகு கரிசல் பக்கத்துப் பையன் ஒருவனை எழுப்பி, "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றார். மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது அவனுக்கு மறந்துவிட்டது. மறந்ததால் நிஜத்தைச் சொன்னான். "மை மதர் இஸ் ரோலிங் பீடி, சார்."

ஹாலில் சிரிப்பு. பயிற்சியாளர் சிரிக்கவில்லை, அவருக்குக் கருணை அதிகம். "அப்படிச் சொல்லாதீங்க தம்பி, நெகட்டிவா இருக்கு. ஹோம்மேக்கர்னு சொல்லுங்க."

நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல், மடியில் முறத்தை வைத்து, இலை வெட்டித் தூள் வைத்து ஆயிரம் பீடி சுற்றி, அந்தக் காசில் செமஸ்டர் ஃபீஸ் கட்டியவள் ஒரே வாக்கியத்தில் வேலையற்றவள் ஆனாள். மகனுக்கு நாகரிகம் வந்துவிட்டது.

அடுத்த கேள்வி, உன் பலவீனம் என்ன? இதற்குச் சரியான விடை ஒன்று உண்டு. 'வேலையில் இறங்கிவிட்டால் சோறு தண்ணி மறந்துவிடும்' என்று பலவீனம் என்ற பேரில் தன்னையே பல்லக்கில் தூக்கிக் காட்ட வேண்டும். நம் பையன் மறுபடியும் நிஜத்தையே சொன்னான். "தெர்மோடைனமிக்ஸ் வராது சார். அந்த செமஸ்டர்ல நடத்த ஆளில்ல."

"நெவர் பிளேம் அதர்ஸ்," என்றார் பயிற்சியாளர். பின் வரிசையில் நின்ற துறைத்தலைவர் பலமாகத் தலையாட்டினார்.

ஆளில்லை என்பது சாக்கா? 2024 ஜூலையில், ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர், ஒரே கல்வியாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள். ஒருவர் 11 கல்லூரிகளில் முழுநேரம். அண்ணா பல்கலைக்கழகமே பிறகு தோண்டிப் பார்த்து, 189 பேர் ஏறக்குறைய 2,000 பணியிடங்களை நிரப்பியிருந்ததாகச் சொன்னது. டைம் மேனேஜ்மென்ட் வகுப்புக்கு வெளியூரிலிருந்து ஆள் எதற்கு? பதினோரு இடத்தில் ஒரே நேரத்தில் முழுநேரமாக உட்கார்ந்த அந்த மகானைக் கூப்பிட்டிருக்கலாமே! வருஷா வருஷம் ஆய்வுக்கு வந்து, இல்லாத ஆசிரியர்களை எண்ணிக் கையெழுத்துப் போட்டுப் போன குழுக்களுக்கு 'ஐ கான்டாக்ட்' பாடத்தை முதல் வரிசையில் உட்காரவைத்து நடத்தியிருக்கலாமே! ஆனால் பயிற்சி யாருக்கு? ஆளில்லை என்று சொன்னவனுக்கு.

இந்தக் கதை நேற்றுத் தொடங்கியதில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984 வாக்கில், சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. பொட்டல்காடு கண்ட இடமெல்லாம் வளைவு கட்டினார்கள், எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. 2005-இல் மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமும் மெக்கின்சி ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து, இந்திய இன்ஜினியர்களில் நூற்றுக்கு 25 பேர்தான் பன்னாட்டு நிறுவன வேலைக்குத் தேறுவார்கள் என்று தீர்ப்பெழுதின. 2019-இல் ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் என்ற நிறுவனம், நூற்றுக்கு 80 பேர் இன்றைய அறிவுத்துறை வேலை எதற்கும் லாயக்கில்லை என்றது. பையன் லாயக்கா இல்லையா என்று அளக்க 'ஆம்கேட்' என்ற தேர்வைக் காசுக்கு விற்ற நிறுவனமும் அதுவேதான். லாயக்கில்லாதவர் எண்ணிக்கை கூடக் கூட யாருக்கு லாபம் என்று கணக்குப் போட பி.இ. வேண்டாம், எட்டாம் வகுப்பு போதும்.

2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு 'நான் முதல்வன்' என்ற திறன் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கலாம். வாத்தியார் இல்லாத வகுப்பறையை விட்டுவிட்டு, அதில் உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டும் கூடுதல் பாடம் வைத்தால் அவன் எத்தனையாவதாக முதல்வன் ஆவான்?

இன்ஜினியருக்குப் பேச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயிர் போகிற அளவுக்கு வேண்டும். மின்வாரியத்தில் 'எல்.சி.' என்பார்கள். லைனில் மின்சாரம் நிறுத்தியாயிற்று, ஏறலாம் என்று ஒருவர் சொல்லி, மற்றவர் உறுதி செய்து, அதன் பிறகே ஒயர்மேன் கம்பத்தில் ஏற வேண்டும். அந்த இரண்டு வரியில் ஒரு சொல் தவறினால் மேலே இருப்பவர் பிணமாக இறங்குவார். இன்ஜினியருக்குத் தேவையான தொடர்புத் திறன் இதுதான். எதிரில் நிற்கிறவனுக்குப் புரிகிற மொழியில், அவன் திருப்பிச் சொல்லும்வரை விடாமல் சொல்வது. இங்கே அந்த மொழி தமிழ். செமினார் ஹாலில் இதைப் பற்றி மூச்சில்லை.

பேச வேண்டியதை ஒழுங்காகப் பேசினாலும் என்ன ஆகும் என்பதற்கு 1986 ஜனவரி 28 சாட்சி. சேலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தைய நாள், கடுங்குளிரில் ரப்பர் வளையம் இறுகிப்போகும், ஏவாதீர்கள் என்று ரோஜர் பாய்ஜோலியும் கூட வேலை பார்த்த இன்ஜினியர்களும் மார்ட்டன் தியோகால் நிறுவனத்தில் மன்றாடினார்கள். வரைபடம் காட்டினார்கள், தெளிவான ஆங்கிலத்தில் பேசினார்கள். அவர்கள் பக்கம் இருந்த துணைத் தலைவரிடம், இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியை மாட்டச் சொன்னார் மேலதிகாரி. மாட்டினார். மறுநாள் ஏழு பேர் செத்தார்கள். குறை எவனுடைய காதில்?

நம் கம்பெனிகளின் மென்திறனுக்கு வருவோம். 2023 ஜனவரியில் விப்ரோ, உள்தேர்வில் தேறவில்லை என்று 452 புதியவர்களை அனுப்பியது. அடுத்த மாதம், ஆறரை லட்சம் சம்பளம் என்று சொல்லிக் காக்கவைத்திருந்த பிள்ளைகளிடம், மூன்றரைக்குச் சம்மதமா என்று கேட்டு மெயில் போட்டது. எழுதிக் கொடுத்த தொகையில் ஏறக்குறைய பாதியைக் கண்ணியமான ஆங்கிலத்தில் உருவுவது உண்மையிலேயே ஒரு ஸ்கில். 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் மைசூர் வளாகத்தில் 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை வெளியேற்றியது. மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தோம், விதிப்படிதான் என்றது நிறுவனம். அவர்களில் பலர் வேலைக்கான கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் காத்துக்கிடந்தவர்கள். அம்மா சுற்றிய பீடியைக் கடைக்காரர் கழித்துப்போடுவார், மகனை மைசூரில் கழித்துப்போட்டார்கள். பீடிக் கடையில் அன்றைக்கே தெரிந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிதாகச் சேருகிறவனுக்கு 2010-களின் தொடக்கத்தில் வருஷத்துக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். இப்போதும் பெரிய கம்பெனிகளில் மூன்றரையை ஒட்டித்தான். நடுவில் அரிசி, வாடகை, பஸ் டிக்கெட் எல்லாம் வளர்ந்தன, சம்பளம் மட்டும் அடக்கமாக இருக்கக் கற்றுக்கொண்டது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90-க்கு ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தி, எவ்வளவு நேரம்தான் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார். 2023-24-இல் அவருடைய ஊதியம் ஏறக்குறைய 51 கோடி, அந்த நிறுவனத்து இடைநிலை ஊழியரின் சம்பளத்தைப் போல 534 மடங்கு. நம் பையன் இன்டர்வியூவில் பெண்டாட்டி என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் 'புரொஃபஷனலிசம் இல்லை' என்று அங்கேயே கிழித்திருப்பார்கள்.

அந்தச் செமினார் ஹால் வகுப்பில் கொடுத்த பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். கோட்டுக்கு என்ன நிற டை, மெயிலை எப்படி முடிப்பது, குழு விவாதத்தில் எப்போது குறுக்கிடுவது, எல்லாம் இருக்கிறது. மூலச் சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கும் கல்லூரியிடம் அதைத் திருப்பிக் கேட்பது எப்படி? இல்லை. சேரும் தேதியை இழுத்தடிக்கும் கம்பெனிக்கு எப்படி எழுதுவது? இல்லை. எச்.ஆர். தனியறைக்குக் கூப்பிட்டு, 'நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு' என்றால் முடியாது என்று எந்த ஆங்கிலத்தில் சொல்வது? அந்தப் பக்கமே அச்சாகவில்லை. வாயைத் திறக்கப் பயிற்சி, திறந்ததும் என்ன வர வேண்டும் என்பதற்கும் பயிற்சி.

எனவே, பொதுநலன் கருதி, பனவடலிசத்திரம் பஸ் ஸ்டாப் வேப்பமர நிழலில் தொழிலதிபர்களுக்கும் கல்லூரித் தாளாளர்களுக்கும் ஒரு மென்திறன் முகாம் நடத்தலாம் என்றிருக்கிறேன். மறுப்பதை மனம் நோகாமல் சொல்வது பற்றிக் கண்டக்டர் நடத்துவார். பேசின விலையைப் பேசினபடி கொடுப்பது பற்றி, சங்கரன்கோவில் மார்க்கெட்டில் பிச்சிப்பூ எடுக்கும் அண்ணாச்சி நடத்துவார். எட்டு மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்பதைப் பீடி சுற்றும் அக்கா ஒருவர் செய்முறையாகக் காட்டுவார், முறம் அவரே கொண்டுவருவார். குறுக்கே பேசாமல் கேட்பதற்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறது, அதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுவார்கள்.

கட்டணம், உள்ளூர்க்காரர் குடிக்கும் ஒரு டீக்கு 534 டீ. சேர்க்கைக் கடிதம் உடனே வரும். சேரும் தேதி இரண்டு வருஷம் கழித்துத் தெரிவிக்கப்படும். நடுவில் யாரும் போன் செய்து தொந்தரவு பண்ண வேண்டாம். செய்தால், பொறுமையும் ஒரு ஸ்கில்தான் என்று புன்னகையோடு சொல்லிவிட்டு, பெயரை அடித்துவிடுவோம்.