சீக்காவுக்கு ஒரு அட்டை

கேள்வி: அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களின் அட்டைகளைச் சேகரிப்பதுபோல், ஓய்வுபெற்ற கிரிக்கெட் வீரர் ‘சீக்கா’ ஸ்ரீகாந்துக்கு நானே ஒரு கார்டு வடிவமைக்க ஆசை. எப்படி?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: இரண்டரைக்கு மூன்றரை அங்குலம்தான் அந்த அமெரிக்க அளவு. சீக்காவை அதற்குள் அடக்குவதுதான் சிரமம்!

முன்பக்கத்தில் சும்மா நிற்கும் படம் வேண்டாம். கிரீஸில் அவர் எப்போது சும்மா நின்றார்? 1983 உலகக் கோப்பையின் லார்ட்ஸ் இறுதிப் போட்டியில் ஒரு முழங்காலை ஊன்றி ஆண்டி ராபர்ட்ஸை விளாசினாரே, அதைப் போடுங்கள். மூலையில் ஒரு சூரியன் அவசியம். அதை அண்ணாந்து பார்க்காமல் மனுஷர் பந்தை எதிர்கொள்ள மாட்டார்.

பின்பக்கம் கணக்கு: 43 டெஸ்ட், 2,062 ரன், 146 ஒருநாள், 4,091 ரன். லார்ட்ஸில் எடுத்த 38-ஐத் தடித்த எழுத்தில் போடுங்கள். அன்று இரு அணியிலும் அதுதான் அதிகபட்சம். ஒருநாள் போட்டிகளில் இரண்டு முறை ஐந்து விக்கெட் எடுத்ததையும் சேருங்கள், நண்பர்களிடம் பந்தயம் கட்ட உதவும்.

தி.நகரில் விசிட்டிங் கார்டு அடிப்பவரிடம் கெட்டி ஆர்ட் அட்டையில் லேமினேஷனோடு கேளுங்கள். நாலைந்து பிரதி போதும். விற்கக் கிளம்பினால் புகைப்படக்காரர் பங்கு கேட்பார்.

அவர் கமென்ட்ரியையும் சேர்க்க வேண்டுமா? அதற்கு அட்டை போதாது, சுவரொட்டிதான்!