தொப்புளைச் சுற்றி ஒரு வரலாறு

நாய் துரத்தினால் தலைதெறிக்க ஓடுவதற்கு எங்கள் தலைமுறைக்கு நாயைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது: தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. கடித்தது யார் வீட்டு நாய், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெருவே கூடி விசாரிக்கும். அடுத்த பத்து நாளைக்கு நாய்க்குக் கிடைக்கும் கவனிப்பு கடிபட்டவனுக்குக் கிடைக்காது. நாய் மண்டையைப் போட்டால் இவன் வயிறு பஞ்சர். சிரிஞ்சுக்குள் இருந்தது என்ன என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. ஆட்டு மூளை. மிளகு போட்டு வறுக்க வேண்டியதை ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள்!

இந்தச் சமையலைத் தொடங்கிவைத்தவர் லூயி பாஸ்டர். பீர் புளிப்பதை ஆராய்ந்தவர், பட்டுப்புழுவுக்கு வைத்தியம் பார்த்தவர், ஆனால் டாக்டர் இல்லை. 1885 ஜூலை 6 அன்று வெறிநாய் குதறிய ஒன்பது வயது யோசேப் மைஸ்டரை அவரிடம் கொண்டுவந்தார்கள். பாஸ்டரிடம் இருந்த சரக்கு, ரேபிஸில் செத்த முயல்களின் தண்டுவடம். கண்ணாடிக் குப்பிக்குள் தொங்கவிட்டுக் கருவாடு மாதிரி உலர்த்தி வைத்திருந்தார். நன்றாகக் காய்ந்ததில் தொடங்கி, நாளாக ஆகப் பச்சையானது வரைக்கும் பதின்மூன்று ஊசி. போட்டது கிரான்ஷே என்கிற டாக்டர். பாஸ்டர் போட்டிருந்தால் போலி டாக்டர் கேஸ் ஆகியிருக்கும். பையன் பிழைத்தான். வளர்ந்து பாஸ்டர் நிறுவனத்துக்கே காவலாளி ஆனான். பிழைக்காமல் போயிருந்தால் பாஸ்டர் பெயரைப் பாலோடு சேர்த்து மட்டுமே சொல்லிக்கொண்டிருப்போம்.

1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்க உருக்குப் பணக்காரர் கொடுத்த பணமும் அதில் சேர்த்தி. சென்னை மாகாணத்தில் நாய்க்கடி பட்டவர்கள் மலை ரயில் ஏறினார்கள். மலைக் குளிர், சிம்ஸ் பூங்கா, வயிற்றில் ஊசி. இப்படியொரு பேக்கேஜ் டூரை எந்த டிராவல்ஸும் இதுவரை போட்டதில்லை.

பிறகு கசௌலியில் இருந்த டேவிட் செம்பிள் 1911-இல் வேலையைச் சுலபமாக்கினார். விலங்கின் மூளையில் கிருமியை வளர்த்து, கார்பாலிக் அமிலம் ஊற்றிக் கொன்று, பாட்டிலில் அடைத்தார். இனி நோயாளி மலையேற வேண்டாம், மருந்தே இறங்கி வரும். ஏன் மூளையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்றால், அந்தக் கிருமிக்கு நரம்புதான் சொந்த ஊர். வேறு இடத்தில் வளர்க்க அன்று வழி தெரியாது.

அங்கேதான் வில்லங்கம். ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு, இரண்டு மூன்று வாரத்தில் கால் விளங்காமல் போனது, சிலருக்கு மூளையே வீங்கியது. சில நூறு பேரில் ஒருவர் என்பார்கள் ஓர் ஊரில், சில ஆயிரத்தில் ஒருவர் என்பார்கள் இன்னோர் ஊரில். ரேபிஸ் வந்தால் சாவு நிச்சயம் என்பதால் இந்த பேரத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஊசிக்குள் கிருமி அரைகுறையாக உயிரோடு இருந்திருக்கும் என்று டாக்டர்கள் பழியைக் கிருமி மேல் போட்டார்கள்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸுக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. கிருமியே இல்லாத, ஆரோக்கியமான முயலின் மூளையைக் கரைத்து எட்டுக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பக் குத்தினார். 1933-இல் அதில் இரண்டுக்கு மூளை அழற்சி. ரிவர்ஸ் விடவில்லை. 1935-இல் சக ஆராய்ச்சியாளர் ஷ்வெண்ட்கரோடு சேர்ந்து இன்னும் எட்டுக் குரங்குகள். இந்தத் தடவை ஏழின் மூளையில் நரம்பின் மேலுறையான மயலின் உரிந்து கிடந்தது, எலி கடித்த வயர் மாதிரி. கிருமி நிரபராதி. அந்தக் குரங்குகளிடம் யாராவது மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

நடந்தது இதுதான். திருடன் படத்தைக் கொடுங்கள், பிடிக்கிறோம் என்றது உடம்பின் போலீஸ். நாம் கொடுத்த படத்தில் திருடன் மூலையில் சிறிசாக நிற்க, அவன் ஒளிந்திருந்த வீடு பெரிதாக விழுந்திருந்தது. போலீஸ் திருடனையும் பிடித்தது, அதே சாயலில் இருந்த நம் வீட்டையும் இடித்துவிட்டது. ஆட்டு மயலினுக்கும் நம் மயலினுக்கும் அவ்வளவு சொந்தம். சிலி நாட்டுக்காரர்கள் 1955-இல் ஒரு தந்திரம் செய்தார்கள்: புதிதாகப் பிறந்த குட்டி எலிக்கு மயலின் அநேகமாக முளைத்தே இருக்காது என்பதால், அதன் மூளையில் மருந்து தயாரித்தார்கள். நம் நாட்டில் 2004 கடைசி வரைக்கும் ஆடுதான்.

மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற வியாதியிலும் இதே மாதிரி மயலின்தான் அடிவாங்குகிறது. ஆகவே ரிவர்ஸ் ஆராய்ச்சிக்காரர்களுக்கு மருந்துக்குப் பதில் ஒரு வியாதியைத் தயாரித்துக் கொடுத்துவிட்டார். வேண்டும்போது விலங்குக்கு வரவழைத்துக்கொள்ளலாம். 1960-களின் கடைசியில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் சேலா, ரூத் ஆர்னன், டுவோரா டைட்டல்பாம் மூவரும் இந்த வியாதியை வரவழைக்கச் செயற்கையாக ஒரு புரதம் செய்தார்கள். நான்கே அமினோ அமிலங்கள், மயலின் புரதத்துக்குப் போலி வேஷம். கினிப் பன்றிக்குப் போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. வேறு ஆளாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான். இவர்கள் இன்னொரு படி போய், வியாதி வரவழைக்கும் மருந்தோடு இதையும் கொடுத்துப் பார்த்தார்கள். வியாதி அடங்கிப்போனது! நோயைக் கொடுக்கப் போய்த் தோற்று, மருந்தைக் கண்டுபிடித்தார்கள். 1971-இல் கட்டுரை, 1996-இல் அமெரிக்க அனுமதி, பெயர் கோபாக்சோன்.

அதையும் தினம் ஒன்றாக, தோலுக்கடியில், நோயாளியே குத்திக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். எங்கே குத்தலாம் என்று பெட்டிக்குள் படம் போட்ட காகிதம் இருக்கும். கை, தொடை, இடுப்பு, வயிறு. வயிறு என்றால் மட்டும் ஒரு நிபந்தனை: தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டுவிட வேண்டும்.