வாசகர் கருத்திலக்கணம்: மூன்று நூற்பாக்களும் ஒரு புறனடையும்

பாயிரம்

நூல் செய்தார் சிலர். நூலுக்கு உரை செய்தார் பலர். நூலைப் பற்றிக் கருத்துச் சொன்னார் எண்ணிலர். நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் வகுத்த நன்னூலார், ஆசிரியனுக்கும் இலக்கணம் சொன்னார், மாணாக்கனையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் புத்தகத்தை அலமாரியில் அடுக்கிவிட்டு, "அருமையான புத்தகம் சார், கட்டாயம் படிக்கணும்" என்கிற மனிதருக்கு மட்டும் இலக்கணம் சொல்லாமல் போய்விட்டார். அந்தப் பெருங்குறையை நீக்கவே இச்சிற்றிலக்கணம் செய்யப்பட்டது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட துறைகள் மூன்று: போர் வரலாறு, கருத்தடை, ரஷ்யப் புனைகதை. இவற்றுக்குள் என்ன உறவு என்று கேட்பார்க்கு விடை, 1832 என்பதாம். அந்த ஆண்டில் பிரஷ்யத் தளபதி கிளாஸ்விட்ஸின் போரியல் நூல் பெர்லினில் வெளிவரத் தொடங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மருத்துவர் சார்லஸ் நோல்ட்டன் 'தத்துவத்தின் கனிகள்' என்ற சிறுநூலை வெளியிட்டார். தத்துவம் தேடி வாங்கினால் உள்ளே கருத்தடை முறைகள் இருக்கும். அதே ஆண்டில்தான் கோகலின் திக்கான்கா கதைகளின் இரண்டாம் பகுதியும் ரஷ்யாவில் அச்சேறியது. மூன்றையும் ஓர் ஆண்டில் பிறப்பித்த காலதேவன் ஏதோ நினைத்துத்தான் செய்திருக்க வேண்டும். சான்று இல்லை, ஆதலால் இதைக் கருதுகோள் என்று கொள்க.

ஆய்வு எல்லை: படித்தோர் கருத்து, படியாதோர் கருத்து ஆகிய இரண்டும். பின்னதே தரவாக மிகுதியும் கிடைத்தது.

நூற்பா 1

படியா நூலே பெருநூல் ஆகும்;
ஒருவரி அறிந்தோர் உரைசெய் வாரே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், போர் வரலாற்று நூல்கள்மேல் எழும் கருத்தின் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று.

கிளாஸ்விட்ஸ் 1812இல் ரஷ்யர் பக்கம் நின்று நெப்போலியனை எதிர்த்தவர். 1831 நவம்பரில் காலரா அவரைக் கொண்டுபோயிற்று. அவருடைய கையெழுத்துப் படிகளை ஒழுங்குசெய்து அச்சுக்குக் கொடுத்தவர் மனைவி மரீ. முதற்பதிப்பு 1,500 பிரதிகள். இருபது ஆண்டுகள் கழித்து அடுத்த பதிப்புக்கு ஏற்பாடு நடந்தபோதும் அவை விற்றுத் தீரவில்லை. ஆனாலும் இன்று அவர் பெயர் ஒலிக்காத ராணுவக் கல்லூரி அரிது. விற்காத நூல் இத்தனை புகழ் பெற்றது எங்ஙனம் எனின், போரையும் அரசியலையும் முடிச்சுப் போடும் ஒற்றை வாக்கியத்தால் என்க. அவ்வாக்கியம் முதற்பகுதியின் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. அது நாற்பதாம் அத்தியாயத்தில் இருந்திருந்தால் கிளாஸ்விட்ஸை யாருக்குத் தெரிந்திருக்கும்?

தாம் அற்பாயுளில் போய்விட்டால் மிஞ்சுவது உருப்பெறாத எண்ணக் குவியல்தான், அதைப் பலரும் தவறாகவே புரிந்துகொள்வார்கள் என்று அவரே ஒரு குறிப்பில் எழுதிவைத்தார். நூலைப் பற்றி நூலாசிரியர் சொன்ன இக்கருத்தை வாசகர் எவரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்த வேண்டுமாயின் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

இதன் கிளைவிதி: போர் நூல் வாங்கிய ஒவ்வொருவரும் வாங்கிய கணத்திலேயே தளபதி ஆகிறார். "மாஸ்கோ பக்கம் போனதுதான் தப்பு" என்று நெப்போலியனுக்கும் ஹிட்லருக்கும் ஒரே அறிவுரை சொல்லி முடித்துக் காபி கேட்பவர் இவ்வகையினர்.

நூற்பா 2

மறைத்துப் படித்த மெல்லிய நூலை
நிறைந்த அவையில் நிந்திப் பாரே.

இது கருத்தடை நூல்கள்மேல் எழும் கருத்து இத்தன்மைத்து என்கிறது. முன்னதில் படியாதார் போற்றினர். இதில் படித்தார் தூற்றுவர்.

நோல்ட்டனுக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் ஒருமுறை அபராதம் விதித்தன. மறுமுறை மூன்று மாதக் கடுங்காவல். குற்றவாளி என்று முடிவுசொன்ன நடுவர் குழுவினருள் ஒருவர், தீர்ப்புக்குப் பின் அவரிடம் வந்தாராம். வேறு வழி தெரியாமல் அப்படிச் சொல்லவேண்டியதாயிற்று, மற்றபடி புத்தகம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு பிரதி வேண்டும் என்றாராம். இதை நோல்ட்டனே பதிவுசெய்திருக்கிறார். அவையில் ஒரு கருத்து, தாழ்வாரத்தில் ஒரு கருத்து! இரண்டாம் நூற்பாவுக்கு இதைவிடத் தெளிவான மேற்கோள் வேறெங்கும் கிடைக்காது.

1877இல் சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்டும் லண்டனில் இந்நூலை மறுபதிப்புச் செய்தனர். விலை ஆறு பென்ஸ். விற்பனை எங்கே, எப்போது என்று காவல்துறைக்கு முன்னறிவிப்புக் கொடுத்தே விற்றார்கள். அதுவரை ஆண்டுக்குச் சில நூறு பிரதி போய்க்கொண்டிருந்த நூல், முதல் இருபது நிமிடத்தில் ஐந்நூறு பிரதி விற்றது. கண்ணியமான எந்த ஆங்கிலக் கணவனும் தன் மனைவி கையில்கூட இதைத் தரமாட்டான் என்று அரசு வழக்கறிஞர் முழங்கினார். மூன்று மாதத்தில் ஏறத்தாழ 1,25,000 பிரதிகள் விற்றன. அத்தனை கணவன்மாரும் வாங்கி என்ன செய்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

நடுவர் குழு சொன்ன முடிவும் நம் நூற்பாவுக்கு உரையாகவே அமைந்தது: நூல் பொதுமக்கள் ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடியது, வெளியிட்டவர்கள் மனத்திலோ கெட்ட எண்ணம் ஏதுமில்லை. இருவருக்கும் ஆறு மாதச் சிறையும் அபராதமும் விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 1878இல் குற்றப்பத்திரிகையின் குறை காரணமாகத் தள்ளுபடியாயின. ஆனால் அதே ஆண்டில் பெசன்டின் மகளை வேறொரு நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்தது. இந்நூலை வெளியிட்டதும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. பிறர் கருத்துக்கு ஒருவர் கொடுத்த விலை இவ்வளவு என்பதால், இவ்விடத்தில் உரையாசிரியர் நகைச்சுவையை நிறுத்திக்கொள்கிறார்.

பெசன்ட் தாமே எழுதிய கருத்தடை நூலையும், பிரம்மஞானத்தில் சேர்ந்தபின் 1891இல் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். அவர் 1907இல் அந்தச் சபையின் தலைவராகி அடையாறிலிருந்து ஆண்ட கதை நாம் அறிந்ததே. சென்னையில் அவர் பெயரால் ஒரு நகரே இருக்கிறது. அங்கே மாலைக்காற்று வாங்க வருவோரிடம் இந்த நூலைப் பற்றிக் கேட்டால் ஏதேனும் கருத்துச் சொல்வார்கள். அது முதல் நூற்பாவின்பாற் படும்.

நூற்பா 3

தடிமன் மிகுமேல் பணிவும் மிகுமே;
முடிவறி யாரே முடிவுரைப் பாரே.

இது ரஷ்யப் புனைகதைமேல் எழும் கருத்தை உணர்த்துகிறது. இக்கருத்து இருவகைப்படும். ஒன்று, "மனுஷன் என்னமா எழுதியிருக்கான்!" மற்றொன்று, "பேரெல்லாம் வாயில் நுழையமாட்டேங்குது." முன்னது முதல் ஐம்பது பக்கத்துக்குள் நிறுத்தியவர் கூற்று. பின்னது நூறாம் பக்கம்வரை போனவர் கூற்று. நத்தாஷாவும் நத்தால்யா இல்யினிச்னாவும் ஒரே பெண்தான் என்று கண்டுபிடித்தவர் மூன்றாம் வகை. அவர் படித்து முடித்துவிடுவார், ஆனால் கருத்துச் சொல்லமாட்டார்.

டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' (டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் இப்பெயரிட்டுத் தந்தார்) ரஷ்ய நாவல்தான்; ஆனால் பிரெஞ்சுப் பேச்சில் தொடங்கும். 1873ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆசிரியர் பிரெஞ்சை ரஷ்யமாக்கி, தத்துவ விசாரங்களைக் கடைசியில் பின்னிணைப்பாகத் தள்ளினார். 1886ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டன. பிளோபேர் அந்த விசாரங்களில்தான் முகம் சுளித்தார்: முதலிரு பாகங்கள் உன்னதம், மூன்றாவது சரிந்துவிட்டது, சொன்னதையே சொல்கிறார் என்று துர்கனேவுக்கு எழுதினார். மூன்றாம் பாகத்தைப் பற்றிக் குறை சொல்வதற்கு மூன்றாம் பாகம்வரை வந்திருக்க வேண்டும் என்பதை நோக்குக.

வாசகருள் அரியவர் அவ்ராம் நோரவ். பரோதினோப் போரில் காலை இழந்து, பிற்காலத்தில் கல்வி அமைச்சரானவர். போர்க்களத்தில் நின்றவர் என்ற உரிமையோடு 1868இல் டால்ஸ்டாயைக் கடிந்து எழுதினார். நாடே எரிகிற நேரத்தில் தளபதி குத்தூஸவ் பிரெஞ்சு நாவல் படித்துக்கொண்டிருந்தாராம், கேட்கவே அடுக்குமா, அந்நாளில் நாவல் படிக்கும் மனம் யாருக்கு இருந்தது என்பது அவர் ஆட்சேபம். அவருடைய நூலகத்திலேயே ஸ்மாலெட்டின் 'ரோடரிக் ராண்டம்' நாவல் இருந்தது. 1812 செப்டம்பரில் மாஸ்கோவில் காயம்பட்டுப் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டிருந்தபோது படித்தது என்று அதில் அவர் கையாலேயே எழுதியிருந்தார்! படியாதார் படித்ததாகச் சொல்வது உலகவழக்கு. படித்தவர் படித்ததையே மறப்பது போர் வரலாற்று வழக்கு.

டால்ஸ்டாயின் நாவலில் கிளாஸ்விட்ஸும் வருகிறார். பரோதினோவுக்கு முந்திய மாலையில் ஜெர்மன் பேசிக்கொண்டு குதிரையில் கடந்துபோகிறார். கேட்டுக்கொண்டிருந்த இளவரசர் ஆந்திரேய்க்கு எரிச்சல் மூளுகிறது. போரியல் நூலுக்கு ரஷ்யப் புனைகதை எழுதிய மதிப்புரை அந்தச் சில வரிகளே.

புறனடை

அச்சுக் கோத்தோர் படியெடுத் தோரென
மெச்சத் தகுந்தோர் மிகச்சிலர் உளரே.

மேற்சொன்ன விதிகளுக்கு அடங்காதாரும் உளர். அவர் வேலையின் பொருட்டு எழுத்தெண்ணிப் படித்தவர். 1831இல் திக்கான்கா கதைகளின் முதற்பகுதி அச்சாகும்போது கோகல் அச்சகத்துக்குப் போனார். அவரைக் கண்டதும் அச்சுக்கோப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். விசாரித்தால், கதைகளைக் கோக்கும்போதே அவர்களுக்குச் சிரிப்புத் தாளவில்லையாம். இதைப் புஷ்கினுக்கு எழுதிய கோகல் பூரித்துப்போயிருந்தார்.

மற்றொருவர் சோபியா டால்ஸ்டாய். பதின்மூன்று பிள்ளைகளைப் பெற்றவர். கணவரின் கையெழுத்தைப் பெயர்த்தெழுதியே விரல் தேய்ந்தவர். 'குரோய்ட்சர் சொனாட்டா'வில் டால்ஸ்டாயின் நாயகன், பிள்ளை பெறாமலிருக்க மருத்துவர்கள் தன் மனைவிக்கு வழி சொல்லிக்கொடுத்ததைச் சாடுகிறான். ஆக, போர், கருத்தடை, ரஷ்யப் புனைகதை மூன்றும் ஒரே வீட்டு மேசைக்கு வந்துசேர்ந்தன. நம் கருதுகோள் நிலைபெற்றது. அந்தக் கதையைச் சோபியா படித்தார், படியெடுத்தார், வெறுத்தார். தணிக்கை தடுத்தபோது, வெறுத்த அதே கதையை வெளியிட 1891இல் மூன்றாம் அலெக்சாந்தர் ஜாரை நேரில் கண்டு அனுமதியும் வாங்கினார். அதன்பின் தம் கருத்தை 'யார் குற்றம்?' என்ற குறுநாவலாகவே எழுதிவைத்தார். அது ரஷ்யாவில் அச்சேறிய ஆண்டு 1994.

இதனால் பெறப்படும் முடிபு: படியாதவர் கருத்து அன்றைக்கு மாலையே ஊரெங்கும் பரவிவிடும், எழுத்தெண்ணிப் படித்தவர் கருத்து அச்சேற நூறு ஆண்டு ஆகும்.