இணையம் பெற இணையம் தேவை

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுவோருக்கு நேரும் இடர்களுள் வைஃபை கிட்டாமைக்குத் தனியிடம் உண்டு. ஏனெனில் அதற்கான தீர்வு இணையத்தில் மிக விரிவாகக் கிடைக்கிறது, இணையமோ அந்தக் கணினியில் கிடைப்பதில்லை.

2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விற்ற மடிக்கணினிகள் பலவற்றில் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லு இருந்தது. சில்லையும் இயங்குதளத்தையும் பேசவைக்கும் நிரல் டிரைவர் எனவும், சில்லுக்குள்ளேயே ஏற்றப்பட்டு அதை இயக்கும் நிரல் ஃபர்ம்வேர் எனவும் வழங்கப்படும். இவற்றின் விவரங்களை நிறுவனம் அப்போது வெளியிடாமையால், தன்னார்வலருள் ஒரு குழு அதன் டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து குறிப்பெழுத, மூலத்தைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழு அக்குறிப்பைக் கொண்டே புது டிரைவரை எழுதியது. தரகர் பேச்சை நம்பி, முகம் பாராமல் முடித்த அக்காலத் திருமணத்தை ஒத்த இவ்வேற்பாடு வியக்கத்தக்க வகையில் நிலைத்து, 'பி43' என்னும் பெயரோடு 2008-இல் வந்த, லினக்ஸின் கருப்பகுதியான கெர்னலின் 2.6.24 பதிப்பில் இடம்பெற்றது.

ஆயினும் ஃபர்ம்வேர் நிறுவனத்தின் உடைமையாகவே நீடித்தது. அதைப் பிறர் விநியோகிக்க உரிமையில்லை. எனவே லினக்ஸ் வழங்கல்களுள் ஒன்றான டெபியன் தரும் பி43 ஃபர்ம்வேர் நிறுவிப் பொதியில் ஃபர்ம்வேர் மட்டும் இராது. அப்பொதியைப் பென்டிரைவில் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்து சேர்த்து என்டர் தட்டினால், அது முதல் வேலையாக இணையத்தைத் தேடி, இல்லை என அறிவித்து, கடமை முடிந்ததுபோல் நின்றுவிடும். 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்ததன் பயனாக, கட்டற்றவை அல்லாத ஃபர்ம்வேர்கள் டெபியன் 12-இன் நிறுவல் வட்டிலேயே 2023-இல் சேர்க்கப்பட்டன. மறுவிநியோக உரிமையற்ற பி43-இன் ஃபர்ம்வேர் அந்தப் பந்தியிலும் அமர முடியவில்லை.

இதற்கு மாற்றுவழி, கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினியோடு பகிரும் டெதரிங்கை இயக்குவது. பெரும்பாலான கணினிகள் அதைக் கம்பிவழி இணைப்பாக எண்ணி ஏற்றுக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பின்னும் வைஃபை வாராவிடில், வானலைக் கருவிகளின் தடைகளைக் காட்டும் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்னும் கட்டளையை இடுவர். 'சாஃப்ட்' எனக் காட்டும் தடை மென்பொருளால் வந்தது, கட்டளையால் நீங்கும். 'ஹார்டு பிளாக்டு: யெஸ்' என வந்தால் எக்கட்டளைக்கும் அது மசியாது, அநேகமாக மடிக்கணினியின் முன்விளிம்பிலோ பக்கவாட்டிலோ உள்ள நகக்கண் அளவேயான வைஃபை சுவிட்ச் அணைந்திருக்கும். அதை நகர்த்த லினக்ஸ் அறிவு சிறிதும் வேண்டியதில்லை என்பதாலேயே போலும், கெர்னலை மறுதொகுப்பு செய்யத் துணிந்தவரும் அதனைக் கடைசியில்தான் தடவிப் பார்க்கின்றனர்.